புல் சாய்ந்த பக்கம்

மே 6

அன்புள்ள அண்ணா,

முதலில் உன் முட்டியின் சுகம் கேட்டுக்கொள்கிறேன், பிறகுதான் உன்னுடையது. வீக்கம் வடிந்ததா? அண்ணி எப்படி இருக்கிறார்? நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே போன் எடுப்பதில்லை. பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் ஒரு கோடு வருகிறது, பேச வாயெடுத்ததும் போய்விடுகிறது. நல்லதுதான். போனில் நமக்கு மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். கடிதம் என்றால் ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் வாயைத் திறக்க முடியாது.

எனக்கு மாடி அறை. கீழே தையல் கடை. வீட்டுக்கார அம்மாவே தைக்கிறார். ஊரே தையல்காரம்மா என்கிறது, நானும் அப்படியே. ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியாது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். ஆற்றைப் போட இறங்கித்தான் ஆகவேண்டும், சோம்பேறித்தனத்துக்கு வழியில்லை.

நேற்று பாலத்தடியில் உட்கார்ந்தேன். படப் பலகையைத் தாங்கும் முக்காலியை, அதான் நம் ஈசலை, காற்று தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தது. ஒரு பையில் கல் போட்டு அதன் நடுவில் தொங்கவிட்டேன். இத்தனை வருஷமாக நீ வெளியில் உட்கார்ந்து வரைந்து கொண்டுவரும் பலகைகளைப் பார்த்து, "வானத்தை ஏன் இப்படிப் பாதியில விட்டுட்டு வந்திருக்கே?" என்று ஸ்டூடியோவில் உட்கார்ந்து குறை சொல்லியிருக்கிறேன் அல்லவா? அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வானம் யாருக்காகவும் நிற்பதில்லை.

உன் முட்டி மக்கர் பண்ணியதால் இந்த வருஷம் நீ உள்ளே, நான் வெளியே. "தனியாப் போகாதே, எங்கயாவது விழுந்து வைப்பே" என்று பஸ் நகரும்வரை சொல்லிக்கொண்டிருந்தாய். இதோ, விழவில்லை. படகுக் கம்பெனியின் பயணிகள் கூடத்துக்கு ஆற்றைப் பற்றி ஆறு படங்கள். சின்னப் பலகைகளை நான் அனுப்புவேன்; அவற்றைப் பெரிய கேன்வாஸில் கொண்டுவந்து முடிக்க வேண்டியது நீ. முடிக்கிறவள் படும் பாடு இனி உனக்கும் தெரியட்டும்.

பெயிண்ட் எதிலும் உரசாமல் நிற்கப் பக்கச் சட்டத்தில் காடி வெட்டிய பெட்டியில் முதல் பலகை வருகிறது. ஈரம். விரலை வைக்காதே.

உன் வாலு


மே 15

அன்புள்ள வாலு,

முட்டி பரவாயில்லை, மாடிப்படியைக் கண்டால் மட்டும் முறைக்கிறது. உன் அண்ணி வழக்கம்போல் பள்ளி வேனை, இப்போது கோடை வகுப்புக்கு, ஓட்டிக்கொண்டும், வீட்டுக்கு வந்து அதே குரலில் என்னை ஓட்டிக்கொண்டும் நலமாக இருக்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தொப்பி போடுகிறாயா?

பலகை அலுங்காமல் வந்தது. பாலத்தின் நிழல் பிரமாதம். நான் என்றால் அந்த நிழலில் கறுப்பைக் கலந்து கெடுத்திருப்பேன். நீ ஊதாவும் பச்சையும் வைத்திருக்கிறாய். கரையில் இருக்கும் புல்லைப் பார்த்தவுடனே உன் கை என்று சொல்லிவிடலாம். வலது மேலிருந்து இடது கீழாக ஒரே இழுப்பு, தயவுதாட்சண்யம் இல்லாமல்.

நாணல் பக்கம் கரை வழுக்கும். அங்கே ஈசலை நாட்டாதே. இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பு. ஏதாவது ஆனால் உடனே எழுது, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

இங்கே முதல் கேன்வாஸ் நன்றாக வருகிறது.

அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சுகம்தானே? என் பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. கையெழுத்து புதிதாக இருக்கிறதே என்று பார்க்கிறாய். நான் சொல்லச் சொல்லத் தையல்காரம்மா எழுதுகிறார். எனக்குக் கை ஒழியவில்லை.

(இப்படித்தான் எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். — தையல்காரம்மா)

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தொப்பியும் போடுகிறேன். இந்தத் தடவை பெட்டியில் மூன்று பலகைகள்: பழைய ஆலை, நாணல் திட்டு, மணல் படகு. கொஞ்சம் முரட்டுத்தனமாக வந்திருக்கின்றன. நுணுக்கம் எதுவும் தேடாதே. நிறமும் வெளிச்சமும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார். நாணல் திட்டை நான் வழுக்காத இடத்தில் உட்கார்ந்துதான் போட்டேன், பயப்படாதே.

முதல் கேன்வாஸ் நன்றாக வருகிறது என்று எழுதியிருந்தாய். எப்படி நன்றாக? தண்ணீரை முதலில் பிடித்தாயா, வானத்தையா? விவரமாக எழுது.

உன் வாலு

(இவருக்குத் தூக்கம் குறைவு. அதை எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். — தை.)


ஜூன் 18

அன்புள்ள வாலு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க.

மூன்று பலகைகளையும் சமையல் மேடையில் வரிசையாக நிறுத்தி வைத்துப் பார்த்தேன். உன் அண்ணி காபி போட இடமில்லாமல் சத்தம் போட்டாள், நகரவில்லை. படங்கள் நன்றாக இருக்கின்றன. ஆலையின் சுவரை நாலே பூச்சில் நிறுத்தியிருக்கிறது. அதுதான் எனக்குத் தொந்தரவு. புல் முழுக்க இடது மேலிருந்து வலது கீழாக இழுத்திருக்கிறது. மழைக்கோடும் அப்படியே. பாலெட் கத்தி வைத்த இடத்தில் பெயிண்ட் ஒதுங்கி நிற்பதும் எதிர்ப்பக்கம். இருபத்தைந்து வருஷமாக உன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது அந்தக் கை இல்லை.

அங்கே படம் போடுகிறவர் யாராவது பழக்கமாகி, அவரிடம் வாங்கி அனுப்புகிறாயா? அப்படியானால் சொல்லிவிடு. அடுத்தவர் வேலைக்குக் கீழே நம் பெயரைப் போட முடியாது. ஆனால் நீ அப்படிச் செய்கிற ஆளும் இல்லை. அதனால் வேறொன்று தோன்றுகிறது. அதை எழுத எனக்கு விருப்பமில்லை.

எனக்கு ஒரு வரி உன் கையால் எழுதிப் போடு. ஒரே ஒரு வரி.

முதல் கேன்வாஸ் நன்றாகத்தான் வருகிறது. இரண்டாவதையும் ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன்


ஜூன் 27

அன்புள்ள அண்ணா,

அண்ணியைக் கேட்டதாகச் சொல். அவருக்குக் காபி போட இடம் கொடு.

மூன்று படங்களையும் நான்தான் போட்டேன். உன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன். அடிக்க ஒரு கை போதும். யாரிடமும் வாங்கவில்லை, யாரும் தொடக்கூட இல்லை. ஈசலைத் தூக்கி வந்ததும் டியூப் மூடிகளைத் திறந்து தந்ததும் தையல்காரம்மா. கடையை மூடிவிட்டு வருகிறார், பாவம்.

நீ என்னைத் துருவுகிற மாதிரி நானும் உன்னைத் துருவட்டுமா? "நன்றாக வருகிறது" என்று இரண்டு தடவை எழுதிவிட்டாய். தண்ணீரா வானமா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. படம் உண்மையிலேயே நன்றாக வந்தால் நீ ஒரு வரியோடு விடுகிற ஆளா? நாலு பக்கம் பீற்றிக்கொள்வாய்.

உன் வாலு

(அண்ணன் அவர்களுக்கு. படங்களை இவர்தான் போடுகிறார், பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள். இனிமேல் கடிதம் எழுத நான் வரமாட்டேன் என்று இவரிடமும் சொல்லிவிட்டேன். துணியில் அளவு தப்பினால் பிரித்துத் தைக்கலாம், இதை என்ன செய்வது? — தை.)


ஜூலை 3

வாலு,

அண்ணி எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒப்புக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டுமென்று கேட்கிறேன். நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. வேனில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் விடும்வரை கிடைக்கிற நேரத்தில் எழுதுகிறேன்.

முதலில் இங்கத்து நிலவரம். கேன்வாஸ் நன்றாக வரவில்லை. போட்ட பெயிண்டை மூன்று தரம் வழித்துப் போட்டுவிட்டார். இரண்டாவதும் அதே கதி. நேற்று ஸ்டூடியோவில் எட்டிப் பார்த்து, "என்னங்க ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. ஆறு ஓடமாட்டேங்குது."

"ஓடாம?"

"படுத்திருக்கு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வெளியில நின்னா எனக்கு எல்லாம் தெரியுது. இந்த நாலு சுவத்துக்குள்ள ஒண்ணும் தெரியல. இவ்வளவு நாளா இதை அவ எப்படிப் பண்ணினா?" என்றார். பிறகு, "அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு. நான்தான் அனுப்பி வெச்சேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். படகுக் கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டு ஆர்டரே வேண்டாமென்று சொல்லப் போகிறாராம். மேனேஜர் நம்பர் எழுதிய சீட்டை எடுத்து நான் வேனில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

இப்போது நீ சொல். கை ஒழியவில்லை என்று எழுதச் சொன்னாயே, எந்தக் கை?

பொய் சொன்னால் வேனை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிடுவேன். பிள்ளைகளோடு.

அண்ணி


ஜூலை 11

அன்புள்ள அண்ணி,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும், வேனும். இது என் இடது கை எழுதுவது. கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நாக்கு வெளியே வந்துவிடுகிறது.

வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மே மூன்றாம் வாரத்தில். ஆற்றங்கரையில் இல்லை, நாணலிலும் இல்லை. இந்த வீட்டு மாடிப்படியில். ஈரப் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் எலும்பு நேராகச் சேரவில்லை. மறுபடி இழுத்து வைத்துப் புதிதாகக் கட்டினார்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போய் இருக்கின்றன. "டாக்டர், பிரஷ் பிடிக்க முடியுமா?" என்று கேட்டேன். "கட்டைப் பிரிக்கட்டும், பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. ஆகஸ்டு முதல் வாரம் பிரிப்பார்கள்.

அண்ணாவிடம் ஏன் சொல்லவில்லை? விழுவேன் என்றான், விழுந்தேன். சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான். முதல் தடவையாக வெளியே வந்திருக்கிறேன், அண்ணி. சும்மா உட்கார்ந்திருந்தால் பயம் பிடுங்கித் தின்றது. அதனால் இடது கையில் பிரஷ்ஷை எடுத்தேன். முதல் வாரம் பலகையில் போட்டது கொஞ்சம், புடவையில் பட்டது அதிகம். பிறகு வந்தது.

அவனிடம் என் கையைப் பற்றிச் சொல்லாதீர்கள். ஆனால் இதை மட்டும் நீங்களே கண்டுபிடித்த மாதிரி சொல்லிவிடுங்கள். பலகையைப் பார்த்துப் பார்த்துக் காப்பி அடித்தால் ஆறு படுத்துத்தான் கிடக்கும். ஒரு நாள் முழுக்கப் பலகையைப் பார்க்கட்டும். மறுநாள் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஞாபகத்திலிருந்து பெரிய பிரஷ்ஷில் மெல்லிய பூச்சாக முழுவதையும் போடட்டும். அது காய்ந்த பிறகு, எங்கே மறந்தது என்று பார்க்க மட்டும் பலகையைத் திருப்பட்டும். நான் எப்போதும் அப்படித்தான் செய்தேன்.

கை வலிக்கிறது. இடது கையும்.

வாலு


ஜூலை 16

அடி வாலு,

அண்ணிக்கு வந்த கடிதத்தை நான் பிரித்துவிட்டேன். உறைமேல் விலாசம் கோழி கிளறிய மாதிரி இருந்தது. வேனில் வருகிற பிள்ளை ஏதோ எழுதியிருக்கிறது என்று நினைத்துத்தான் பிரித்தேன். உன் அண்ணியிடம் திட்டு வாங்கிவிட்டேன், அது தனி.

படித்து முடித்ததும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குச் சிரிப்பு வரும், அப்போது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அன்று எழுத விருப்பமில்லை என்றேனே, அது இதுதான்: நீ படுத்த படுக்கையாய்க் கிடக்கிறாய், யாரோ இரக்கப்பட்டு உன் பெயரில் படம் போட்டு அனுப்புகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். மணிக்கட்டுதானா என்று மூச்சு வந்தது. அப்புறம் மூன்று விரல் என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்து கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

கூட்டிக்கொண்டு போக வரமாட்டேன். பயப்படாதே. நான் பயப்படச் சொன்னது ஆற்றங்கரைக்கு, நீ விழுந்தது மாடிப்படியில். நம் இரண்டு பேர் கணக்கும் தப்பு.

என் பக்கத்து உண்மையும் கேள். முதல் கேன்வாஸை வழித்தது உன் அண்ணி உனக்கு எழுதினாளாமே, அந்த மூன்று தரம் இல்லை, ஐந்து. இரண்டு தரம் உன் அண்ணிக்குத் தெரியாமல். அடுத்ததில் உன் புல்லைப் பெரிதாக்கும்போது, "இது அவ கை இல்லையே" என்று ஒவ்வொரு கோட்டையும் உன் பழைய பக்கத்துக்குத் திருப்பித் திருப்பிப் போட்டேன். புல் ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம், காற்று எங்கேயும் இல்லை.

நேற்று முழுக்க ஆலைப் பலகையைப் பார்த்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தேன். இன்று காலை அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் பெரிய பிரஷ்ஷை எடுத்தேன். டர்பெண்டைன் கலந்து மெல்லிசாக, நிற்காமல், புல்லை உன் இடது கை இழுத்த பக்கத்துக்கே இழுத்தேன். மதியம் உன் அண்ணி வந்து பார்த்தாள். "எழுந்துடுச்சு" என்றாள்.

ஆற்றைச் சொன்னாள்.

டாக்டரிடம் போகும்போது தனியாகப் போகாதே. இது கட்டளை இல்லை, வேண்டுகோள். தையல்காரம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அண்ணன்


ஆகஸ்டு 4

அண்ணா,

நலம். இதை எழுதுவது யார் என்று பார். நடுங்குகிறது, வரி மேலே ஏறிப் போகிறது, ஆனாலும் இது வலது கை.

நேற்று கட்டைப் பிரித்தார்கள். கை யாரோ ஒருவருடையது மாதிரி வெளுத்துச் சூம்பிப்போய் மேஜைமேல் கிடந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். டாக்டர், "கட்டைவிரலை மடக்குங்க" என்றார். மடக்கினேன் என்று நினைத்தேன். "மடங்குதா டாக்டர்?" என்றேன்.

"நீங்க பாருங்க."

"நான் பார்க்கமாட்டேன்."

"மடங்குதும்மா! நல்லா மடங்குது! அந்த ரெண்டு விரலும் மடங்குது!" டாக்டர் இல்லை, தையல்காரம்மா. கத்தியதில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீக்கத்தில் நரம்பு அழுந்தியதால் விரல் மரத்துப்போனதாம், போகப் போகச் சரியாகுமாம். ஆபரேஷன் வேண்டாம். மூன்று மாதம் பயிற்சி. ஒரு ரப்பர் பந்து கொடுத்திருக்கிறார்கள், பிசைந்துகொண்டே இருக்கிறேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்தோம். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்குக்கூட.

வலிக்கிறது, நிறுத்துகிறேன். அண்ணிக்கு முத்தம்.

வாலு


ஆகஸ்டு 10

அன்புள்ள வாலு,

உன் கோணல் எழுத்தை உன் அண்ணி ஸ்டூடியோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். போக வர அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்கிறேன். பந்தை விடாதே.

கம்பெனி மேனேஜர் நேற்று வந்தார். நாலு படம் முடிந்து ஈரத்தோடு சுவரில் சாய்ந்திருக்கின்றன. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கடைசியில், "ஒரு சந்தேகம். முதல் படத்துல புல்லு இந்தப் பக்கம் சாயுது, மத்ததுல அந்தப் பக்கம் சாயுதே?" என்றார்.

"காத்து மாறிடுச்சு சார்" என்றேன்.

"அதானே பார்த்தேன். இங்க நின்னாலே சட்டை பறக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லி, மீதி இரண்டுக்கும் அவசரமில்லை என்று போய்விட்டார். நானும் உன் அண்ணியும் கதவைச் சாத்தினோம். பிறகு அவள் அந்த நம்பர் சீட்டை எடுத்து என் கையில் வைத்து, "இப்ப வேணா கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

முட்டி சொன்னபடி கேட்கிறது. பத்து நாளில் பஸ் ஏறுகிறேன். கூட்டிக்கொண்டு போக இல்லை. கடைசி இரண்டு பலகைக்கும் உன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட இடம் இருக்குமா?

அண்ணன்


ஆகஸ்டு 24

அன்புள்ள அண்ணி,

அண்ணா பத்திரமாக வந்தான். முட்டி சுகம், நாங்கள் இருவரும் சுகம். பள்ளிக்கூடத்துக்கு லீவு இருந்திருந்தால் நீங்களும் வந்திருப்பீர்கள், அந்த ஒரு குறைதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தான், கடையில் பிரஷ் வாங்கும்போது முடியை மடக்கிப் பார்ப்பானே, அதே மாதிரி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன தூசி இந்த ஊர்ல" என்றான். காற்றே இல்லை அன்றைக்கு.

தையல்காரம்மாவிடம் வணக்கம் சொல்லிவிட்டு மாடிப்படியை மேலும் கீழும் பார்த்தான். "இதுவா?" என்றான். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான். ஆடியது. மறுநாள் காலை இரண்டு பேருமாக ஆணி அடித்து முடித்த பிறகுதான் ஆற்றுக்குக் கிளம்பினோம்.

நேற்று ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஈசல். மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிட்டது. அக்கரை நீலமா சாம்பலா என்று. அவன் சாம்பல் என்றான். நான் நீலம் என்றேன். "உள்ளயே உக்காந்திருந்தவளுக்கு என்ன தெரியும்?" என்றான். "நீ உள்ள உக்காந்து என்னத்த கிழிச்சேன்னு அண்ணி எழுதினாங்க" என்றேன். ஒரு படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு போனார்.

கனமான வேலையை இடது கையிலும், லேசானதை வலது கையிலுமாகப் போடுகிறேன். அண்ணா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். "அடுத்த வருஷம் நீ வெளியே வர்றியா, நான் வரட்டுமா?" என்று கேட்டான். "ஏன், ரெண்டு ஸ்டூல் இருக்கே" என்றேன். திரும்பிப் பார்த்தால், தொப்பி மூக்குவரை இறங்கி, வாய் திறந்து, பிரஷ்ஷைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தான். அவன் பலகையில் அக்கரை நீலமாக இருந்தது.

நான் என் பலகையில் கரையோரமாக அவனையும் போட்டுவிட்டேன். விரல் நகம் அளவுதான் உருவம், முழுக்க வலது கையால். தொப்பி வைக்கும்போது விரல் கொஞ்சம் நடுங்கி, விளிம்பு ஒரு பக்கம் நீண்டுவிட்டது. துடைக்கவில்லை. மேனேஜர் கேட்டால் யாரோ மீன் பிடிக்கிறவர் என்று சொல்லிவிடலாம். அண்ணாவிடம் நீங்களும் இப்போதைக்குச் சொல்லவேண்டாம். பெரிய கேன்வாஸில் அவனே போட்டு முடிக்கட்டும்.

உங்கள் வாலு